சாவு வீடும் சாய்ந்த வேம்பும்

புயல் கரையைக் கடந்துவிட்டது என்று செய்தியில் சொல்லி முடித்த பிறகுதான் எங்கள் சந்து முனையில் இருந்த வேப்பமரம் விழுந்தது. அத்தனை காற்றுக்கும் ஈடுகொடுத்த மரம், காற்று ஓய்ந்து மழை மட்டும் பெய்துகொண்டிருந்த காலையில், அவசரமே இல்லாமல் சாய்ந்தது. முடிச்சூர்ப் பக்கம் எல்லாமே வயலாக இருந்த மண். இரண்டு நாள் மழையில் கூழாகிவிடும். வேர் பிடித்துக்கொள்ள அடியில் எதுவும் இல்லை. நான் மாடி ஜன்னலில் இருந்து பார்த்தேன். வேர்க்கட்டு ஒரு பக்கம் மெல்லத் தூக்கிக்கொண்டு வந்தது, ரோட்டுச் சிமெண்டைப் பெயர்த்தது, பிறகு மரம் முழுவதும் சந்தின் வாயை அடைத்துக்கொண்டு படுத்துவிட்டது. மின்கம்பி இரண்டு இழுபட்டுத் தொங்கின. கரண்ட் முந்தின நாளே போயிருந்தது.

எனக்குக் கீழே, வீட்டுக்காரர் வேதசிரோமணி சார் ஐஸ் பெட்டிக்குள் இருந்தார்.

அவர் இறந்தது புயலுக்கு முந்தின சாயங்காலம். நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் உட்கார்ந்துதான் போனார். திரும்பி வரும்போது ஆம்புலன்ஸில் வந்தார். மறுநாளே அடக்கம் என்று முடிவு செய்திருந்தார்கள். புயல் குறுக்கே வந்து ஒரு நாளைத் தின்றுவிட்டது. மகன் எபி மஸ்கட்டில் இருக்கிறான். விமானங்கள் எல்லாம் ரத்து. எனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று அவனே போனில் சொல்லிவிட்டான். மனைவி பியூலா டீச்சரும் மகள் ஈவ்லினும்தான் வீட்டில். மாடியில் குடியிருக்கிற நான். தெருவில் தண்ணீர் வற்றாததால் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் தாம்பரத்திலேயே நின்றுவிட்டார்கள்.

ஐஸ் பெட்டி ஒரு வாடகை ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. டீசல் குறையக் குறைய அதன் சத்தம் மாறும். ஈவ்லின் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போனில் பேசினாள், துணி மடித்தாள், வந்தவர்களுக்கு நாற்காலி போட்டாள். அழுததைப் பார்க்கவில்லை. அவள் கண்கள் அடிக்கடி பெட்டிக் கண்ணாடியின் உள்பக்கம் வியர்த்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தன.

கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டியாகிவிட்டது. அங்கே வேலை செய்கிற தேவானந்தம் காலையில் போன் செய்தார். குழியில் தண்ணீர் ஊறுகிறதாம். ஆள் வைத்து இறைத்துக்கொண்டே இருக்கிறார்களாம். இன்னொரு கனத்த மழை பெய்தால் பக்கச் சுவர் சரிந்துவிடும், பொழுது சாய்வதற்குள் கொண்டுவந்துவிடுங்கள் என்றார். சவப்பெட்டி தயாராகிப் பெரிய ரோட்டில் வண்டியோடு நின்றது. பாஸ்டரும் அங்கே வந்துவிட்டார். நடுவில் மரம் மட்டும்தான்.

எங்கள் சந்து முட்டுச்சந்து. பின்னால் கால்வாய் கரை மீறிப் போய்க்கொண்டிருந்தது. வெளியே போக வேம்பு கிடந்த அந்த ஒரு வாய்தான்.

ஆள் மட்டுமென்றால் கிளைகளுக்குள் குனிந்து, ஊர்ந்து, சட்டை கிழிந்து அந்தப் பக்கம் போய்விடலாம். சிலர் போய்வந்தார்கள். உடலையும் அப்படியே கைமாற்றிக் கொண்டுபோய்விடலாம் என்று யாரோ சொன்னபோது டீச்சர் தலை நிமிர்ந்தார்.

"அவர் அரிசி மூட்டையா? வாசல் வழியா, தோள்ல போவார்."

அதற்குமேல் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வேம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதன் அடியில் தாயாரம்மாளின் இட்லி வண்டி நிற்கும். மரத்துக்கு மஞ்சள் துணி கட்டியவளும், குங்குமம் வைத்தவளும், வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றுகிறவளும் அவள்தான். சந்தில் இருப்பவர்கள் அம்மன் மரம் என்பார்கள். வேதசிரோமணி சார் தினமும் காலையில் ஸ்கூட்டரை அதன் நிழலில் நிறுத்திவிட்டு அவளிடம் இட்லி சாப்பிடுவார். மரத்துக்குக் குங்குமம் வைத்த கையோடு அவள் ஸ்கூட்டர் விளக்குக்கும் ஒரு பொட்டு வைத்துவிடுவாள். உங்க ஏசு கோச்சிக்கப் போறாரு என்பாள். அவரே தச்சர் வீட்டுப் பிள்ளை, மரம்னா அவருக்குப் பிரியம்தான் என்பார் சார். இரண்டு பேரும் இதைச் சலிக்காமல் சொல்லிக்கொள்வார்கள்.

அன்றைக்கு அவள் வண்டி மரத்துக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. அவள் அதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வீட்டுக்குப் போய், கேஸ் அடுப்பில் ஒரு குண்டான் ரவை உப்புமா கிண்டி, சாவு வீட்டுக்கு எடுத்துவந்தாள். வெங்காயம்கூட இல்லை, மிளகாயும் கறிவேப்பிலையும்தான். டீச்சருக்குத் தன் கையால் தட்டில் வைத்து, சாப்பிடும் வரை எதிரே உட்கார்ந்திருந்தாள்.

மரம் வெட்டும் ஆட்கள் பகல் ஏறிய பிறகு வந்தார்கள். உமேஷ் என்ற ஆளும் அவனோடு இரண்டு பேரும். ரெயின்கோட்டுக்கு மேலே கயிற்றைக் குறுக்கே போட்டிருந்தார்கள். ரம்ப மெஷினை உமேஷ் குழந்தையைப் போலப் பாலித்தீனில் சுற்றி வைத்திருந்தான். மரத்தின் அந்தப் பக்கம் நின்று ஒருமுறை நீளத்துக்குப் பார்த்தான். மஞ்சள் துணியைப் பார்த்ததும் மெஷினைக் கீழே வைத்துவிட்டான்.

இங்கேதான் குடியிருப்போர் சங்கச் செயலாளர் சுந்தரராமன் செய்த காரியம் வெளியே வந்தது. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லாப் பக்கமும் மரம் விழுந்து கிடக்கிற நாளில் நம் சந்துக்கு யார் முதலில் வருவார்கள் என்று யோசித்து, போனில் புகார் சொல்லும்போது 'கோவில் மரம்' என்று அழுத்திச் சொல்லியிருக்கிறார். அப்படிச் சொன்னால் சீக்கிரம் வருவார்கள் என்பது அவர் கணக்கு. வந்தார்கள். ஆனால் கோவில் மரம் என்பதால் தொட மாட்டேன் என்கிறார்கள்.

"பூஜை போட்டு, உத்தரவு வாங்கிக் குடுங்க சார். அடுத்த நிமிசம் மிஷின் போடுறேன்," என்றான் உமேஷ். "அம்மன் மரத்துல சும்மா கை வெக்க முடியாது. எனக்கும் புள்ளக்குட்டி கீது."

ஒரு சூடம், ஒரு எலுமிச்சம்பழம், பத்து நிமிஷ வேலை என்று சுந்தரராமன் தாயாரம்மாளைக் கூப்பிட்டார். அவள் வந்தாள். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"தெருவுல பொணம் கெடக்கு. எப்டி சார் வெளக்கு ஏத்துவேன்?"

எங்கள் ஊரிலும் அப்படித்தான். தெருவில் சாவு விழுந்தால் உடல் எடுக்கும் வரை கோவில் நடை திறக்காது. மணி அடிக்காது. உடல் போய், தெருவில் தண்ணீர் தெளித்த பிறகுதான் சாமிக்கு விளக்கு. எங்கள் சிவகிரியில் அதைக் கேள்வி கேட்டவர்களை நான் பார்த்ததில்லை. ஆனால் இங்கே அதுவே முடிச்சாக விழுந்திருந்தது. பூஜை போடாமல் மரத்தை வெட்ட முடியாது. மரத்தை வெட்டாமல் உடலை எடுக்க முடியாது. உடலை எடுக்காமல் பூஜை போட முடியாது.

சுந்தரராமன் தனக்குத் தெரிந்த குருக்களுக்குப் போன் போட்டார். அவரும் சவம் இருக்கும்போது கூடாது என்று வைத்துவிட்டார். உமேஷ் மணியைப் பார்த்தான். கீழ்க்கட்டளையில் ஒரு வீட்டு மேல் மரம் கிடக்கிறதாம், மேடவாக்கத்தில் ரோடே அடைந்து கிடக்கிறதாம். இங்கே வேலை இல்லையென்றால் கிளம்புகிறோம், நாளைக்கு வருகிறோம் என்றான். அவன் மேல் தப்பில்லை.

சந்தில் ஆண்கள் ஒரு வளையமாக நின்று பேச ஆரம்பித்தார்கள். குடைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. அப்போதுதான் சுந்தரராமனுக்கு ஒரு வழி தோன்றியது. குரலைத் தணித்து, தாயாரம்மாளிடம் மிகவும் நயமாகச் சொன்னார்.

"நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்கோ. அவா வேற மதம். நம்ம தீட்டெல்லாம் அவாளுக்கு எங்க வந்தது? சாஸ்திரப்படி அது நம்ம தெரு சாவாவே கணக்குல வராது. நீங்க பாட்டுக்கு விளக்க ஏத்துங்கோ."

அந்த யோசனை எல்லோருக்கும் பிடித்திருந்தது. எனக்கும்தான், பொய் சொல்ல வேண்டாம். யாருக்கும் நஷ்டம் இல்லாமல் முடிச்சு அவிழ்ந்துவிட்டது போல இருந்தது. இரண்டு பேர் தலையாட்டினார்கள். உமேஷ் மெஷினைக் கையில் எடுத்தான்.

தாயாரம்மாள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கணக்குல வராதா," என்றாள். "ஏன் சார், வெள்ளம் வந்தப்போ மொட்ட மாடில எங்க வூட்டு ஆளுங்கள மூணு நாளு வெச்சி சோறு போட்டாரே, அப்போ எந்தக் கணக்குல வந்தாரு? என் பையன் பீஸ் கட்டலன்னு இஸ்கூல்ல நிறுத்துனப்போ போயி சண்ட போட்டாரே? எங்க தெரு ஆளு சார் அவரு. அவரு செத்தா எங்க தெருவுக்குத் தீட்டுதான். இல்லன்னு சொல்லிகினு வெளக்கு ஏத்துனா, அத்த வுட அசிங்கம் எனக்கு வேற இல்ல."

திரும்பிப் பார்த்தேன். வாசல்படியில் பியூலா டீச்சர் நின்றிருந்தார். முழுவதும் கேட்டிருக்கிறார் என்று முகத்தில் தெரிந்தது. அவர் உள்ளே போய்விட்டார்.

ஈவ்லின்தான் வெளியே வந்தாள். குடை இல்லை. சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் முடிந்திருந்தாள். நேராகத் தாயாரம்மாளிடம் போய், ஒரு அடி தள்ளி நின்றாள். சாவு வீட்டுக்காரி என்று அவளே விலகி நின்றது எனக்கு என்னவோ செய்தது.

"அக்கா, நீங்க சொன்னதுக்கு அப்புறம் நான் உங்கள விளக்கு ஏத்தச் சொல்ல மாட்டேன்," என்றாள். "ஆனா அப்பாவ இன்னைக்கு எடுக்கணும். டீசல் முடியப் போகுது. நாளைக்கு வரைக்கும் அவரை வெச்சிருக்க முடியாது. உங்களுக்குத் தெரிஞ்ச வழி ஏதாவது இருந்தா சொல்லுங்க. எவ்ளோ கஷ்டமா இருந்தாலும் பரவால்ல."

"எனக்கு இன்னா பாப்பா தெரியும். நான் இன்னா பூசாரியா?"

"நீங்கதான் தினம் அவங்ககூட பேசறீங்க."

தாயாரம்மாள் மரத்தைப் பார்த்தாள். தண்டில் மஞ்சள் துணி சேறாகித் தொங்கியது. குங்குமம் கரைந்து ஓடியிருந்தது. தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல ஆரம்பித்தாள். ஆடி மாசம் திருவிழாவுக்கு அம்மனைச் செம்பில் அழைத்து வருவார்கள். செம்புத் தண்ணீரில் வேப்பிலையைப் போட்டுக் கூப்பிட்டால் வருவாள். மேளம், பம்பை, கூட்டம் எல்லாம் இருக்கும். உள்ளே வருவதற்கு அப்படிக் கூப்பிடலாம் என்றால், வெளியே போவதற்கும் கூப்பிடலாம்தானே.

"அதுக்குப் பூஜை வேணாமா?" என்றாள் ஈவ்லின்.

"விருந்துக்குக் கூப்ட்டாதான் சோறு, படையலு எல்லாம். நெருப்புப் புடிச்ச வூட்ல இருந்து ஒரு பொம்பளய வெளிய இட்டுகினு வர்றோம்னு வெச்சிக்க. சோறா போட்டுகினு இருப்பாங்க? கைய புடிச்சி இட்டுகினு வர வேண்டிதுதான்." பிறகு உமேஷைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "நைனா, அம்மா இந்த மரத்த வுட்டுப் போயிட்டா நீ வெட்டுவல்ல?"

உமேஷ் மெஷினை மறுபடி கீழே வைத்துவிட்டு யோசித்தான். "போயிட்டா அப்பறம் அது வெறகுதான்க்கா. வெட்டுவேன்."

செம்பு கிடைத்துவிட்டது. நசுங்கிய வண்டிக்கு அடியிலிருந்து அவள் பித்தளைச் செம்பைக் கையை விட்டு இழுத்து எடுத்தாள். ஒரு பக்கம் ஒடுங்கியிருந்தது. தண்ணீருக்குத்தான் தடங்கல். சந்தில் எந்த வீட்டுத் தண்ணீரும் ஆகாது, எல்லாம் தீட்டு. கேன் தண்ணீர் வாங்கலாம் என்று ஒருவர் சொன்னதற்கு, அம்மன் பிஸ்லேரில வருவாளா என்று கேட்டுவிட்டாள். கடைசியில் அவளே அண்ணாந்து பார்த்தாள். மேலே இருந்து வருவதற்கு ஏது தீட்டு.

செம்பை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு சந்தின் நடுவில் நின்றாள். மழை அப்போது தூறலாகச் சுருங்கியிருந்தது. செம்பின் அடிகூட நனையவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தேவானந்தத்தின் போன். ஈவ்லின் ஸ்பீக்கரில் போட்டாள். மழை விட்டிருக்கிறது, இறைத்துத் தரை தெரிகிறது, இப்படியே நின்றால் போதும், சீக்கிரம் வாங்கம்மா என்றார். ஈவ்லின் சரி என்று சொல்லிவிட்டுத் தாயாரம்மாளைப் பார்த்தாள். ஒருத்திக்கு மழை வேண்டும். ஒருத்திக்கு மழை வேண்டாம்.

"பெய்யட்டும்," என்றாள் ஈவ்லின், போனை அணைத்துவிட்டு. "குழிய நாங்க இறைச்சுக்கறோம்."

மழை பெய்தது. கால்வாய்ப் பக்கமிருந்து இரைந்துகொண்டு வந்து மொத்தமாகக் கொட்டியது. குடை வைத்திருந்தவர்கள் வாசல்களில் ஒதுங்கினார்கள். தாயாரம்மாள் அசையவில்லை. தலை, புடவை, எல்லாம் ஒட்டிக்கொண்டு, குளித்து எழுந்தவள் மாதிரி ஆகிவிட்டாள். அவளுக்கு அதுவே முழுக்கு. செம்பு தளும்பியதும், தண்டின் பக்கம் போய், சேறு படாத ஒரு கொத்தைக் கிள்ளிச் செம்பில் செருகினாள். தண்டில் நெற்றியை வைத்தாள். என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. சின்னப் பிள்ளையைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கிளப்புகிற முகம்.

அதன்பிறகு யாரும் அவளைத் தொடக் கூடாது. சந்தில் இருந்த நாங்கள் எல்லோரும் தீட்டுக்காரர்கள். செம்பை இடுப்பில் அணைத்துக்கொண்டு அவள் கிளைகளுக்குள் குனிந்தாள். ஒரு கையால் எவ்வளவு விலக்க முடியும்? சுள்ளிகள் முகத்தில் அடித்தன. நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தோம். அந்தப் பக்கமிருந்து உமேஷும் அவன் ஆட்களும் உள்ளே வந்தார்கள். அவர்கள் வெளித்தெரு ஆட்கள், அவர்களுக்குத் தடை இல்லை. ஆனால் அம்மன் இன்னும் மரத்தை விட்டு வெளியேறாததால் ஒரு கிளையைக்கூட ஒடிக்கவில்லை. கயிறு போட்டு வளைத்துப் பிடித்தார்கள், தோள் கொடுத்துத் தூக்கிப் பிடித்தார்கள். உமேஷ் சேற்றில் முட்டிபோட்டு ஒரு பெருங்கிளையை முதுகில் தாங்கிக்கொண்டான். அவன் முதுகுக்கும் தண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியில் அவள் ஊர்ந்து வெளியேறினாள். தண்ணீர் கொஞ்சம் சிந்தியது. வேப்பிலை அப்படியே இருந்தது.

பெரிய ரோட்டைத் தாண்டி, எதிரே மூடிக்கிடந்த ஒரு கடையின் படி வரை போனாள். திரும்பிப் பார்க்காமல் கையை உயர்த்தினாள்.

மெஷின் உறுமியது.

அந்தச் சத்தத்துக்கு இத்தனை நேரமாக ஏங்கியிருக்கிறோம் என்பது அப்போதுதான் தெரிந்தது. முதலில் நுனிக் கிளைகள். வெட்ட வெட்ட நாங்கள் இழுத்துச் சுவரோரம் குவித்தோம். சுந்தரராமன் சாரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இழுத்தார். அப்புறம் பெருங்கிளைகள். கனம் எந்தப் பக்கம் அழுத்துகிறது என்று உமேஷ் கையால் தட்டிப் பார்த்து, அழுத்துகிற பக்கம் கொஞ்சம் கீறிவிட்டு மறுபக்கத்திலிருந்து அறுத்தான். ஒருமுறை ரம்பம் நடுவில் கடித்துக்கொண்டது. ஆப்பு அடித்து விடுவித்தார்கள். வேர்ப் பள்ளத்தின் பக்கம் ஒருத்தரும் நிற்கக் கூடாது, பாரம் குறைந்ததும் வேர்க்கட்டு சட்டென்று எழுந்து உட்காரும், உள்ளே ஆள் இருந்தால் சட்னி என்று கத்திக்கொண்டே இருந்தான். அப்படியே ஆனது. தண்டை இரண்டாக அறுத்த உடனே அடிமரம் ஒரு குலுக்குக் குலுக்கிக்கொண்டு நிமிர்ந்து, விழுவதற்கு முன் நின்ற இடத்திலேயே நின்றது. தலை மட்டும் இல்லை. சந்து முழுக்க வேப்பம்பாலின் கசப்பு வாசனை.

நடுத்துண்டைக் கடப்பாரை போட்டு உருட்டினோம். நாலு பேர் தோளோடு தோள் நின்று போகிற அகலம் கிடைத்தது. அது போதும் என்றார் டீச்சர்.

சவப்பெட்டி உள்ளே வந்தது. வீட்டுக்குள் பாஸ்டர் ஜெபித்தார், ஒரு பாட்டு பாடினார்கள், மழைச் சத்தத்தில் பாதிதான் கேட்டது. தூக்கும்போது முன்னால் இடது பக்கம் எபியின் இடம் காலியாக இருந்தது. ஒரு சித்தப்பா நகர்ந்து வந்தார். ஈவ்லின் அவருக்கு முன்னால் போய்த் தோளைக் கொடுத்துவிட்டாள். பியூலா டீச்சர், "உயரம் சரியா இருக்கா பாருங்க," என்று மட்டும் சொன்னார். சரியாக இருந்தது.

வேதசிரோமணி சார் வாசல் வழியாக, தோளில் போனார். அறுத்த மரத்துக்கு நடுவே, மரத்தூள் மேல் நடந்து கொண்டுபோனார்கள். உமேஷும் ஆட்களும் மெஷினை நிறுத்திவிட்டுத் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து நின்றார்கள்.

வீட்டைப் பூட்டிவிட்டுக் கடைசியாக வரச் சொல்லியிருந்தார்கள் என்னை. நான் ரோட்டுக்கு வந்தபோது பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எதிர்ப்புறக் கடைப்படியில் தாயாரம்மாள் ஷட்டரைப் பார்த்தபடி, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். செம்பு இடுப்பில். கீழே வைக்கவும் கூடாது, அம்மன் சவத்தைப் பார்க்கவும் கூடாது. மெஷின் ஓடிய நேரமெல்லாம் அப்படியே நின்றிருக்கிறாள்.

பியூலா டீச்சர் வண்டியில் ஏறாமல் ரோட்டைத் தாண்டிப் போனார். கொஞ்சம் தள்ளியே நின்றார்.

"தாயாரு."

"நான் திரும்ப முடியாது டீச்சர்." "மூஞ்சக்கூட பாக்கல. சாருகிட்ட சொல்லிடுங்க."

"சொல்றேன்," என்றார் டீச்சர். "அவர் தப்பா நினைக்க மாட்டார்."

போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாத நேரம். டீச்சர் அப்படியே திரும்பி வந்து வண்டியில் ஏறினார். வண்டி தேங்கிய தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கிளம்பியது. பின்னால் இரண்டு ஆட்டோ, நாலு பைக். நான் சுந்தரராமன் சாரின் ஸ்கூட்டரில் ஏறப் போனேன்.

"தம்பி," என்றாள் தாயாரம்மாள், ஷட்டரைப் பார்த்தபடியே. "வண்டி போயிட்ச்சா?"

"போயிடுச்சுக்கா."

"இன்னும் கண்ணுக்குத் தெரிதா?"

வண்டி வளைவு வரை போய்த் திரும்பும் வரை பார்த்தேன். "இப்ப தெரியல."

அவள் திரும்பினாள். முகம் முழுக்கக் கிளை கீறிய கோடுகள். வெறும் ரோட்டை, வண்டி போன திசையை, கொஞ்ச நேரம் பார்த்தாள். செம்பை இடது இடுப்பிலிருந்து வலது இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். ஏரிக்கரைப் பக்கம் ஒரு வேம்பு இருக்கிறது, அது வரை நடக்க வேண்டும் என்றாள். ஆட்டோ பிடித்துத் தரவா என்றேன். வேண்டாம், நடந்துதான் கூட்டிப்போக வேண்டும் என்றாள்.

"நீ இன்னாத்துக்கு நின்னுகினு கீற? ஓடு. குழி இறைக்க ஆளு வேணும்." அவள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். பிறகு நின்று, திரும்பாமலேயே சொன்னாள்.

"மண்ணு போடுவாங்கல்ல, அப்போ எனக்கும் சேத்து ஒரு கை போட்டுடு. எம்பேர சொல்லிப் போடு."